சிட்டை நோட்டு எங்க இருக்கு? - வேலையிடம், வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல ஒரே புலம்பல். மேல மொதலாளி, கீழ ஷிஃப்ட் ஆளுங்க, நடுவுல நாங்க, இதுல புதுசா ஒரு சாஃப்ட்வேர் வேற வந்து உக்காந்துக்கிச்சுன்னு. நானும் கடலூர்ல ஒரு ஃபேக்டரில ஸ்டோர்ஸ் கிளார்க்கா சேந்து, அப்புறம் கம்ப்யூட்டர் செக்‌ஷனைப் பாத்து, கடைசில பிளான்ட் அட்மின் மேனேஜரா வெளிய வந்தவன்தான். அதனால அடி வாங்குனவன் பேசற மாதிரிதான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க. பேர் போட வேணாம்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க, யார் பேரும் போடல.

சேதராப்பட்டு வாசகர்: நான் அட்டைப்பெட்டி கம்பெனில புரொடக்‌ஷன் மேனேஜர். எம்டி போன வருஷம் இஆர்பி (ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாத்தையும் ஒண்ணா பாக்கற சாஃப்ட்வேர்) வாங்கிட்டாரு. ஆளுங்க "என்ட்ரி போடவா மிஷின் ஓட்டவா"ன்னு கேக்கறாங்க, ரிவ்யூ மீட்டிங்ல எம்டி "டேட்டா ஏன் லேட்டு"ன்னு என்னைத்தான் புடிக்கறாரு. நான் எந்தப் பக்கம் சார் நிக்கறது?

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி, அது தெரிஞ்சதுதான். நீங்க எந்தப் பக்கமும் நிக்க வேணாம் தம்பி, மொதல்ல ரெண்டு இடத்துக்குப் போய்ட்டு வாங்க.

முதல் இடம் எம்டி ரூம். மீட்டிங்ல வேணாம், அவர் கொஞ்சம் ஃப்ரீயா டீ குடிக்கற நேரமா பாத்துப் போங்க. போய் "சார், இந்த சாஃப்ட்வேர் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சா நீங்க எந்த முடிவை வேற மாதிரி எடுப்பீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. "எல்லாம் டிஜிட்டல் ஆகணும்பா"ன்னு சொல்லுவாரு, விட்டுடாதீங்க, திரும்பக் கேளுங்க. கடைசில உண்மை வெளிய வரும். பெரிய கஸ்டமர் ஒருத்தர் டெலிவரி தேதி கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டியிருக்கு, எந்த ஜாப்ல லாபம் எந்த ஜாப்ல கை நஷ்டம்னு வருஷக் கடைசிலதான் தெரியுது, அப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். அதுதான் அவரோட ஸ்ட்ராட்டஜி. நம்ம ஊர்ல யாரும் அதை பேப்பர்ல எழுதி சுவத்துல மாட்டறதில்ல, மொதலாளி மண்டைக்குள்ள இருக்கும், அதை வெளிய இழுக்கற வேலையே உங்களுதுதான்.

ரெண்டாவது இடம் மிஷின் பக்கம், முடிஞ்சா நைட் ஷிஃப்ட். அங்க போய் சிட்டை நோட்டு எங்க இருக்குன்னு பாருங்க. எத்தனை லட்சம் போட்டு சாஃப்ட்வேர் வாங்குனாலும் ஆபரேட்டர் பாக்கெட்ல, டேபிள் டிராயர்ல, இல்லன்னா வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சிட்டை ஓடிக்கிட்டே இருக்கும். அதைப் பாத்ததும் திட்டிடாதீங்க, தயவு செஞ்சு. நிஜமா வேலை ஓட என்ன தேவையோ அது அங்கதான் எழுதியிருக்கும். எந்த ரீல்ல ஈரம் ஜாஸ்தி, எந்த மில்லு பேப்பர் கிழியுது, எந்த ஜாப்புக்கு செட்டிங் மாத்த எவ்ளோ நேரம் புடிச்சுதுன்னு இருக்கும். சாஃப்ட்வேர்ல இதுக்கெல்லாம் கட்டமே இருக்காது, ஆனா வேற 14 கட்டம் இருக்கும், ரீல் மாத்தற ஒவ்வொரு வாட்டியும் ரொப்பணும், கம்ப்யூட்டர் எங்கன்னா ஷெட்டோட அந்தக் கோடில, தரம் பாக்கற க்யூசி ரூம்ல. எவன் போவான் சொல்லுங்க.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எம்டிக்கு வேண்டியது ஒரு ஜாப்புக்கு எவ்ளோ பேப்பர் போச்சு, எப்ப முடிஞ்சுது, இது ரெண்டுதான்னு வெச்சுக்குவோம். அப்ப மிஷின்ல இருக்கவன் ஜாப் நம்பர், ரீல் நம்பர், மிச்சம் எத்தனை கிலோ, முடிஞ்ச நேரம், இந்த நாலு போட்டா போதும். ஜிஎஸ்எம் (பேப்பர் கனம்), மில்லு பேரு, வந்த தேதி எல்லாம் ரீல் உள்ள வரும்போதே ஸ்டோர்ஸ்ல ஒரு வாட்டி அடிச்சு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டிட்டா மிஷின்காரனுக்கு ஸ்கேன் பண்ற வேலைதான். ஈரத்துக்கு ஒரு கட்டம் புதுசா கேட்டு வாங்குங்க, ஏன்னா வேஸ்டேஜுக்குக் காரணமே அதுல இருக்கலாம், எம்டி தேடற லாபமும் அங்கயே ஒளிஞ்சிருக்கலாம். இந்த மாதிரி வெட்டி ஒட்டற வேலைய வென்டர் பண்ணமாட்டான், அவனுக்கு உங்க ஷெட்டு தெரியாது, அவன் டெமோல எல்லாமே பச்சை கலர்ல இருக்கும். எம்டிக்கு நேரம் கிடையாது. ஆபரேட்டருக்கு மேல என்ன பேசறாங்கன்னே தெரியாது. ரெண்டு எடத்துக்கும் போய்ட்டு வரக்கூடிய ஒரே ஆளு நீங்கதான்.

படிச்சவங்க இதுக்குப் படம் போட்டே வெச்சிருக்காங்க. 1993-ல ஹெண்டர்சன், வெங்கட்ராமன்னு ரெண்டு பேர் ஐபிஎம் பத்திரிகைல நாலு கட்டம் போட்டாங்க. சந்தைல நாம எங்க நிக்கப் போறோம், உள்ள நம்ம ஆளும் வேலையும் எப்படி ஓடுது, டெக்னாலஜில எதை எடுத்துக்கப் போறோம், அதை உள்ள எப்படி நடத்தறோம். நாலும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும், ஒரு கட்டத்தை மட்டும் மாத்துனா மத்தது இழுக்கும்னு சொன்னாங்க. உங்க எம்டி மூணாவது கட்டத்தை மட்டும் மாத்திட்டாரு, அதான் மத்த மூணும் கிறீச்சுன்னு கத்துது. அதுக்கும் முன்னாடியே, 1988-ல, ஜப்பான்காரர் நொனாகா சொன்னது எனக்கு இன்னும் புடிக்கும். மேல இருக்கவர்கிட்ட கனவு இருக்கும், கீழ இருக்கவன்கிட்ட நெஜம் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற முரணை உடைச்சு வேலை செய்யற ஒண்ணா மாத்தறது நடு மேனேஜர்தான்னாரு. நம்ம ஊர்ல நடு மேனேஜரை போஸ்ட்மேன் மாதிரிதான நடத்தறாங்க.

வில்லியனூர் வாசகி: ஒரு கம்பெனில ஐடி மேனேஜரா இருக்கேன். பிரிண்டர் ஓடலன்னா மட்டும்தான் என்னைத் தேடுவாங்க. பிசினஸ் மீட்டிங் எதுக்கும் கூப்பிடறதில்ல, ஆனா முடிவு எடுத்துட்டு "அடுத்த வாரம் வேணும்"னு வந்து நிப்பாங்க. எப்படி மேடைக்கு வர்றது?

உங்க கடுதாசியப் படிச்சதும் எனக்கு தானே புயல் ஞாபகம் வந்துடுச்சும்மா. 2011 டிசம்பர் 30, விடிகாலைல கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. முந்திரி, பலா, கரண்ட் கம்பம் எல்லாம் படுத்துடுச்சு, சில ஊர்ல கரண்ட் வர வாரக்கணக்காச்சு. அப்ப கம்ப்யூட்டர் செக்‌ஷன் என் பொறுப்பு. நான் ரொம்ப ஒழுங்கான ஆளுன்னு நெனைப்பு, தினமும் ராத்திரி பேக்கப் எடுப்பேன், ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுவேன். ஆனா பேக்கப் இருந்தது சர்வர் இருந்த அதே ரூம்ல, அந்த ரூம் கூரைல ஷீட்டு பறந்து போயி ரெண்டும் சேந்து நனைஞ்சுது. மூணாம் நாளு டிஸ்பாட்ச் மேனேஜர் வந்து நின்னாரு, "ரோடு தொறந்துட்டாங்க, லாரி வந்துருக்கு, எந்த பார்ட்டிக்கு எவ்ளோ பாக்கி"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல. கடைசில கேட் செக்யூரிட்டி எழுதி வெச்சிருந்த லாரி ரிஜிஸ்டரையும் ஸ்டோர்ஸ் பெரியவரோட சிட்டையையும் வெச்சுத்தான் லோடு ஏத்துனோம்.

எனக்கு உறைச்சது என்னன்னா, அத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை கூட டிஸ்பாட்ச்ல போய் "உங்களுக்கு சிஸ்டம் எத்தனை மணி நேரம் நின்னா தாங்கும்"னு கேட்டதில்ல. அவரும் என்கிட்ட சொன்னதில்ல. நான் பேக்கப் எடுத்தது ஆடிட்டருக்காக, லாரிக்காக எடுக்கல.

நீங்க அந்தக் கேள்வியோட ஆரம்பிங்க. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா போய், பிரிண்டர் சரி பண்ணப் போறப்பவே கேட்டுடலாம், "இது நின்னுட்டா எப்ப உங்களுக்கு வலிக்க ஆரம்பிக்கும், ஒரு மணி நேரத்துலயா ஒரு நாள்லயா? வலிச்சா யாருக்குப் பணம் போகும்?" பே ரோல்காரங்க மாசக் கடைசி மூணு நாளுன்னுவாங்க, டிஸ்பாட்ச் சாயங்காலம் நாலுலேருந்து எட்டுன்னுவாங்க, பர்ச்சேஸ்காரங்க ரெண்டு நாள் ஆனாலும் பரவால்லம்பாங்க. அதை ஒரே பக்கத்துல எழுதி உங்க பாஸ்கிட்ட குடுங்க. அதுல சர்வர், கிளவுட், பேண்ட்வித் ஒரு வார்த்தை கூட வரக்கூடாது, பார்ட்டி, லாரி, சம்பளம், அபராதம் இதான் வரணும். 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புதுச்சேரிகிட்ட கரை ஏறி ஊரே முழுகுனதை உங்க பாஸும் பாத்திருப்பாரு, தனியா விளக்க வேண்டியதில்ல.

2000-ல ரைக், பென்பசாத்னு ரெண்டு பேர் கனடாவுல 3 ஆயுள் காப்பீட்டு கம்பெனில 10 பிரிவை எடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க. ஐடிக்கும் பிசினஸுக்கும் பேச்சு வார்த்தை இருக்கறது, சேந்து பிளான் போடறது, முன்னாடி பண்ண வேலை நல்லா முடிஞ்சிருக்கறது, இதெல்லாம் இப்போதைக்கு ரெண்டு பேரும் ஒத்துப்போக உதவுது, ஆனா நீண்ட காலத்துக்கு நிக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இவங்க வேலை அவங்களுக்கும் அவங்க வேலை இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கறதுன்னு வந்துச்சு. அதனால மீட்டிங்குக்குக் கூப்பிடலையேன்னு வருத்தப்பட்டு உக்காராதீங்க. வாரத்துல ஒரு மத்தியானம் டிஸ்பாட்ச்ல போய் நாற்காலி போட்டு உக்காருங்க. நாலு மாசத்துல அவங்களே "மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்"பாங்க. கூப்பிடலன்னா எனக்குத் திரும்ப எழுதுங்க, வேற கம்பெனி பாக்கறதப் பத்திப் பேசுவோம்.

கடலூர் முதுநகர் வாசகர்: கெமிக்கல் ட்ரேடிங் கம்பெனில அக்கவுண்ட்ஸ் மேனேஜர். ஓனர் "இ-இன்வாய்ஸ் மட்டும் எப்படியாவது ஒப்பேத்துப்பா"ங்கறாரு (பில்லை அரசாங்க ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஏத்தறது), வேற எதுக்கும் செலவு பண்ண மாட்டேங்கறாரு. போர்ட்டல்ல கையாலயே அடிச்சுக்கிட்டிருக்கோம்.

உங்க ஓனரை நான் தப்பு சொல்ல மாட்டேன், வருஷா வருஷம் சட்டம் ஒண்ணு வந்து செலவு வெச்சா அவரும் என்ன பண்ணுவாரு. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர்ல 500 கோடி டர்ன்ஓவர்காரங்களுக்குன்னு ஆரம்பிச்சு படிப்படியா எறங்கி 2023 ஆகஸ்ட் 1-லேருந்து 5 கோடி தாண்டுனவங்களுக்கும்னு வந்துடுச்சு. 2025 ஏப்ரல்லேருந்து 10 கோடியும் அதுக்கு மேலயும் இருந்தா பில் தேதிலேருந்து 30 நாளைக்குள்ள போர்ட்டல்ல ஏத்தணும், தாண்டுனா போர்ட்டலே எடுத்துக்காது. ஐஆர்என் (போர்ட்டல் குடுக்கற நம்பர்) இல்லாத பில்லு செல்லாத பில்லு, வாங்குன பார்ட்டிக்கு இன்புட் கிரெடிட் (குடுத்த ஜிஎஸ்டிய கழிச்சுக்கறது) சிக்கல், அவன் உங்க பேமென்ட்டை நிறுத்தி வெப்பான்.

இங்கதான் உங்களுக்கு ஒரு வழி இருக்கு. ஓனர்கிட்ட சட்டம் பேசாதீங்க, வசூல் பேசுங்க. கையால அடிச்சதுல போன மூணு மாசத்துல எத்தனை பில்லுல ஜிஎஸ்டி நம்பர் தப்பு, எச்எஸ்என் (சரக்கோட கோடு நம்பர்) தப்பு, அதை கேன்சல் பண்ணித் திரும்பப் போட்டதுல பார்ட்டி பணம் எத்தனை நாள் தள்ளிப்போச்சு, அந்த நாளுக்கு பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி எவ்ளோன்னு உங்க சிட்டைலேருந்தே எடுத்துடலாம். கேன்சல் பண்ண 24 மணி நேரம்தான் டைம், அதுக்கப்புறம் கிரெடிட் நோட்டு, அந்தத் தலைவலிய தனியா எழுதுங்க. கூட்டுனா வர்ற தொகைய பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்தே நேரா போர்ட்டலுக்குப் போற மாதிரி இணைக்கற செலவுக்குப் பக்கத்துல எழுதிக் காட்டுங்க. அப்பவும் வேணாம்னா சரின்னு விட்ருங்க, கணக்கு பாத்துச் சொல்ற முடிவு அவரோடது. ஆனா கணக்கு அவர் கண்ணுக்கு வரலன்னா அது உங்க தப்பு.

பண்ருட்டி வாசகர்: முந்திரி ஏற்றுமதி. டேலி போதுமா, இஆர்பி வாங்கணுமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

போதும். (ஒரே வார்த்தை கேட்டீங்க.) உங்க கஷ்டம் கணக்குலன்னா டேலியே தாராளம், பிரைவேட் லிமிடெட்னா எடிட் லாக் உள்ள வெர்ஷனா பாத்துக்கங்க, 2023 ஏப்ரல் 1-லேருந்து கம்பெனிகளுக்கு அது கட்டாயம், யார் எந்த என்ட்ரிய எப்ப மாத்துனான்னு அழியாம இருக்கணும். உங்க கஷ்டம் எந்த மூட்டைல வந்த கொட்டை எந்தப் பெட்டில வெளிநாடு போச்சுன்னு வாங்கறவன் கேக்கறதுலன்னா அப்ப பேச்சு வேற, பேட்ச் வாரியா தொடர்ந்து பாக்கற மாதிரி வேணும், அதுக்கும் பெரிய இஆர்பிதான் வேணும்னு இல்ல. கஷ்டம் எங்கன்னு உங்க கிரேடிங் சூப்பர்வைசரைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.

நெல்லிக்குப்பம் வாசகர்: எங்க எம்டி செலக்ட் பண்ண சாஃப்ட்வேர் தீபாவளி சீசனுக்கு முன்னாடி கோ-லைவ், அதாவது நிஜ வேலைய அதுல ஓட்டணும்ங்கறாரு. கண்டிப்பா ஓடாதுன்னு எங்க மேனேஜருங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்கல. நான் சொன்னா வேலைக்கு ஆபத்தா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவுல ஒரு பழைய கதை இருக்கு, சாக்லேட் கம்பெனி ஹெர்ஷி. 1999-ல பெரிய அளவுல புது சிஸ்டம் போட்டாங்க, எஸ்ஏபி (SAP)ங்கற சாஃப்ட்வேரோட இன்னும் ரெண்டு கம்பெனி சாஃப்ட்வேரு. நாலு வருஷத்துல பண்ண வேண்டியதை ரெண்டரை வருஷத்துல சுருக்கி, ஜூலைல ஓட்ட ஆரம்பிச்சாங்க. அங்க அக்டோபர் கடைசில ஹாலோவீன், மிட்டாய் விக்கற சீசன், நமக்கு தீபாவளி ஸ்வீட் கடை மாதிரி. கோடவுன்ல சரக்கு இருக்கு, கடைக்காரன் ஆர்டர் இருக்கு, சிஸ்டத்துனால ரெண்டையும் சேக்க முடியல. சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியாம போச்சு. சாஃப்ட்வேர் மோசம்னு அப்ப பேசிக்கிட்டாங்க, அதே சாஃப்ட்வேர்ல அப்புறம் அவங்களே நல்லாத்தான் ஓட்டுனாங்க. தேதிதான் மோசம்.

உங்களுதும் தேதிப் பிரச்சினைன்னா சொல்றது சுலபம். "சார் இது ஓடாது"ன்னு சொன்னா அது அவர் செலக்‌ஷனைக் குத்தம் சொல்ற மாதிரி, எந்த மொதலாளிக்கும் சுருக்குன்னு இருக்கும். "சார் சீசன் முடிஞ்சு ஓட்டலாமா, இல்ல இப்பவேன்னா ஒரே ஒரு கோடவுன்ல மட்டும் ஓட்டலாமா"ன்னு ரெண்டு வழி வெச்சுக் கேளுங்க. கூடவே ஒரு சின்ன ட்ரையல். போன வருஷம் சீசன்ல ரொம்ப நெரிசலா இருந்த ஒரு நாளோட பில்லை எல்லாம் எடுத்து, அதே ஆளுங்களை வெச்சு, புது சிஸ்டத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அடிச்சுப் பாருங்க. மத்தியானத்துக்குள்ள பாதி கூட முடியலன்னா அந்தப் பேப்பரை அவர் டேபிள்ல வெச்சுட்டு வந்துடுங்க, நீங்க பேசவே வேணாம். நல்லா ஓடிட்டா? அப்ப நீங்க எல்லாரும்தான் வேலைக்குப் பயந்து கத கட்டியிருக்கீங்கன்னு ஆவும், அதுவும் நடக்கறதுதான், நானே ஒரு தடவ பண்ணியிருக்கேன்.

வேலைக்கு ஆபத்தான்னு கேட்டீங்க. தனியா சொன்னா கொஞ்சம் ஆபத்து, நாலு பேரும் சேந்து போனா யூனியன் மாதிரி தெரியும், அதுவும் ஆபத்து. ட்ரையல் பேப்பரோட ரெண்டு பேர் போங்க, ஒருத்தர் சேல்ஸ்காரரா இருக்கட்டும்.

தவளக்குப்பம் வாசகர்: ஏஐ வந்துட்டா எங்களை மாதிரி நடு மேனேஜருங்களே தேவையில்லையாமே? யூட்யூப்ல தினம் சொல்றாங்க.

1958-லயே சொல்லிட்டாங்க தம்பி. லெவிட், விஸ்லர்னு ரெண்டு பேர், 1980-கள்ல கம்பெனி எப்படி இருக்கும்னு எழுதறப்ப, கம்ப்யூட்டர் வந்து நடு மேனேஜருங்க வேலையப் பெரும்பாலும் தின்னுடும், யோசிக்கறதெல்லாம் மேல போயிடும்னாங்க. இன்னிக்கு நாம சொல்ற ஐடிங்கற பேரே அந்தக் கட்டுரைலேருந்துதான் பரவுச்சு. பேரு நின்னுச்சு, ஜோசியம் முழுசா பலிக்கல. கூகுள்ல 2002-ல இன்ஜினியரிங் மேனேஜரே வேணாம்னு எடுத்துப் பாத்தாங்க, சில மாசம்தான் தாங்குச்சு, செலவு பில்லு கேக்கறவன் சண்டை போட்டுக்கறவன் எல்லாம் நேரா மேல போய் நின்னுட்டான்.

அதுக்காக நிம்மதியா தூங்கலாம்னு சொல்ல வரல. ஃப்ளாய்ட், வூல்ட்ரிட்ஜ்னு ரெண்டு பேர் 1992-ல நடு மேனேஜர் பண்ற வேலைய நாலாப் பிரிச்சாங்க. மேல சொன்ன திட்டத்தை நடத்தறது, கீழேருந்து வர்ற தகவலைத் தொகுத்து மேல கொண்டுபோறது, ஒரு புது யோசனையத் தூக்கிக்கிட்டுப் போய் மேல வாதாடறது, ரூல்ஸைக் கொஞ்சம் தளர்த்தி ஆளுங்க முயற்சி பண்ணிப் பாக்க இடம் விடறது. இதுல தொகுத்துக் குடுக்கறதுல பெரும்பங்கை மிஷின் புடிச்சுக்கும், நீங்க மூணு நாள் உக்காந்து போடற எம்ஐஎஸ் ரிப்போர்ட்டை அது நிமிஷத்துல போட்டுடும். ஆபீஸ்ல நீங்க பண்றது அது ஒண்ணுதான்னா யூட்யூப்காரன் சொல்றது உங்களுக்குப் பலிக்கும். மத்த மூணையும் எப்பக் கடைசியாப் பண்ணீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

பாகூர் வாசகர்: எங்க ஸ்டோர்ஸ்ல ஒரு பெரியவர், ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேங்கறாரு, எல்லாம் நோட்டுதான். எம்டி "அவரை மாத்து இல்ல அனுப்பு"ங்கறாரு. மனசு வரல.

மனசு வரலங்கறதை விடுங்க, கணக்குப்படியும் அது நஷ்டம்.

அவர் பக்கத்துல ஒரு சின்னப் பையனையோ பொண்ணையோ உக்கார வைங்க. அவர் நோட்டுல எழுதட்டும், அது சிஸ்டத்துல அடிக்கட்டும். ஆனா அடிக்கறதுக்கு மட்டும் வெச்சீங்கன்னா வேஸ்ட்டு. நோட்டுல இருந்து சிஸ்டத்துக்கு ஏத்த எடமே இல்லாம நிக்குதே, அதை எல்லாம் தனியா ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க. எங்க ஃபேக்டரில இருந்த பெரியவர் நோட்டு ஓரத்துல சின்ன சின்னதா குறி போடுவாரு, ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, ஒரு சுழி. பல வருஷம் அது என்னன்னு யாரும் கேக்கல. நான் ஒரு நாள் கேட்டேன். ஒரு புள்ளின்னா சப்ளையர் எடை குறைச்சு அனுப்புவான், ரெண்டு புள்ளின்னா மழைக்காலத்துல அவன்கிட்ட வாங்காத, சுழின்னா மேல கேக்காம அவசரத்துக்கு கடன் குடுப்பான். எங்க பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் லட்சக்கணக்குல குடுத்து வாங்குன வென்டர் ரேட்டிங் சிஸ்டத்துல எல்லாருக்கும் ஏ கிரேடு.

எம்டிகிட்ட அந்தத் தனிப் பேப்பரை மாசத்துக்கு ஒரு தடவ காட்டுங்க. அதுல ரெண்டு மூணு சமாச்சாரம் அவருக்கே புதுசா இருக்கும், அதுக்கப்புறம் அனுப்புன்னு சொல்ல மாட்டாரு, அந்தக் குறிய எல்லாம் சிஸ்டத்துல ஏத்த முடியுமான்னுதான் கேப்பாரு. ரெண்டு வருஷம் அதுக்கு சரியா இருக்கும். பெரியவர் கெளம்பற அன்னிக்கு நோட்டை வாங்கி வெச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, முன்னாடியே ஜெராக்ஸ் எடுத்துடுங்க, எங்காளு ஒரிஜினலை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.